மழையைச் சென்ட்டில் எழுதியவள்

1955 ஆகஸ்ட் 21, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், எனக்கு வெட்கமானதையும் விடமாட்டேன். இது நாகம்மையாகிய நான், பதினான்கு வயது, ஐந்தாம் பாரம், என் சொந்தக் கையால் எழுதுவது.

நோட்டு அண்ணன் வாங்கித் தந்தது. தரும்போது ஒரு விதியையும் சேர்த்துத் தந்தான். "ரப்பர் தொடப்பிடாது. தப்பா எழுதினா குறுக்க ஒரு கோடு போடு, மேல சரியானத எழுது. கீழ உள்ளதையும் வாசிக்க முடியணும்." அவன் ஆபீஸ் ரெஜிஸ்டரில் அப்படித்தானாம்.

அண்ணன் பெயர் தெய்வநாயகம். பி.எஸ்ஸி. படித்துவிட்டு வானிலைக் கூடத்தில் அப்சர்வராக இருக்கிறான். கூடம் என்றால் கட்டடம் இல்லை. எங்கள் குவார்ட்டர்சுக்குப் பின்னால் முள்வேலிக்குள் ஒரு புல்தரை, அவ்வளவுதான். நான்கு காலில் நிற்கும் வெள்ளைப் பலகைப் பெட்டி, அதற்குள் தெர்மாமீட்டர்கள். மழை அளக்கும் செம்புக் குழாய். கம்பத்தின் உச்சியில் காற்றுக்குச் சுழலும் நான்கு கிண்ணங்கள். ஊர்க்காரர்கள் பெட்டியைத் தேன்பெட்டி என்கிறார்கள். "தெய்வநாயகம், இந்த வருசம் தேனு உண்டா?" என்று கேட்காத ஆள் தோவாளை வரைக்கும் இல்லை.

காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் அண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்து எழுத வேண்டும். அவன் வேலை இன்னும் உறுதியாகவில்லை. டிசம்பரில் உறுதியாகும். பிறகு பூனாவுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்களாம். அம்மா இப்போதே அவனுக்குக் கம்பளிச் சட்டையைப் பற்றிப் பேசுகிறாள்.

மணி ஒன்பது. அப்பா சுவிட்சுப் பக்கத்தில் வந்து நிற்கிறார். சர்க்கார் வெளிச்சத்தை ஒரு நிமிடம்கூட அதிகமாக எரிக்கக் கூடாது என்பது அவருடைய விதி.

ஆகஸ்ட் 28

ராஜபாய் பள்ளிக்குத் 'தென்கரை' கொண்டுவந்தாள். நாகர்கோவிலில் அச்சாகிற வாரப்பத்திரிகை. அதில் தாணம்மாள் என்பவர் 'நெல் காயும் முற்றம்' என்று தொடர்கதை எழுதுகிறார். நீலா என்ற பெண் புருஷன் வீட்டைவிட்டு இறங்கி, ஒரு தையல் மெஷினோடு தனியே வாழ்கிற கதை. ராஜபாய் பெஞ்சுக்கு அடியில் வைத்து வாசித்து அழுதாள்.

"ஏட்டி, இது பொம்பளையாலதான் எழுத முடியும். ஆம்பிளைக்கு இந்த நோவு தெரியுமா?"

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவனுக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது.

செப்டம்பர் 4

கண்டுபிடித்துவிட்டேன்.

இந்த வாரக் கதையில் ஒரு வரி: "நீலா கதவைத் திறந்தாள். ஒரு அங்குலம் நாற்பது சென்ட் மழை பெய்து ஓய்ந்திருந்தது."

எந்தப் பெண் மழையைச் சென்ட்டில் சொல்வாள்? அம்மா "சாறல்" என்பாள், "நல்ல மழை" என்பாள், மிஞ்சினால் "கொட்டித் தீத்துட்டு" என்பாள். அங்குலத்தை நூறாகப் பிரித்துப் பார்க்கிற ஆள் இந்த ஊரில் ஒருவன்தான். ஜூலையில் ஒரு நாள் அண்ணன் அளவுக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து "ஒண்ணு நாப்பது" என்றபோது குடை பிடித்தது நான்.

கிணற்றடியில் அவனைப் பிடித்தேன். "தாணம்மாள் அக்கா, சுகந்தானா?" என்றேன்.

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் முகம் சாம்பலாகிவிட்டது. வாளி கையிலிருந்து நழுவி உள்ளே விழுந்தது.

"யாருட்ட சொன்ன? ராஜபாய்ட்டயா? நெசத்தைச் சொல்லு, மக்கா."

யாரிடமும் இல்லை என்று சத்தியம் செய்தேன். பிறகுதான் பேசினான். சர்க்கார் வேலையில் இருப்பவன் அனுமதி கேட்காமல் பத்திரிகைக்கு எழுதக் கூடாது. கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா என்ன ஆகும் தெரியுமா? மேல் ஆபீஸ்ல எனக்க ரெஜிஸ்டரை எடுத்து வச்சிட்டுச் சிரிப்பாவ. இது கதை எழுதுதவன் எழுதுன கணக்குல்லான்னு. ஒரு தடவை அப்பிடிப் பேரு வந்தாச்சின்னா, பிறகு நான் சத்தியமா எழுதுன டிகிரியையும் ஒருத்தன் நம்பமாட்டான்."

பெண் பெயர் எதற்கு என்று கேட்டேன். ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதற்காக முதலில் வைத்தானாம். இப்போது அந்தப் பெயரில் உட்கார்ந்தால்தான் எழுத வருகிறதாம். அது எனக்குச் சரியாகப் புரியவில்லை. எழுதி வைக்கிறேன்.

கையெழுத்து தெரிந்துவிடும் என்று இதுவரை இடது கையால் எழுதி அனுப்பியிருக்கிறான்! ஒரு அத்தியாயத்துக்கு நான்கு நாள் ஆகுமாம். இனி நான் பிரதி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு கேள்வி. நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்று சொன்ன நோட்டில் இதை எழுதலாமா? எழுதியாயிற்று. கோடு போட்டாலும் கீழே வாசிக்க முடியும்.

செப்டம்பர் 18

நோட்டை அரிசிப்பானைக்குப் பின்னால் மாற்றிவிட்டேன்.

அக்டோபர் 2

நான்கு அத்தியாயம் பிரதி எடுத்துவிட்டேன். அச்சுக்கூடத்தில் அண்ணனைத் 'தாணம்மாளின் தம்பி' என்றுதான் தெரியுமாம். "உங்க அக்கா எழுத்து இப்ப முத்து முத்தா இருக்கே, கைவலி சரியாயிட்டா?" என்று கேட்டார்களாம்.

நேற்று நான் ஒரு வாக்கியத்தை மாற்றினேன். நீலா மாமியார் எதிரே "நிமிர்ந்து நின்றாள்" என்று அண்ணன் எழுதியிருந்தான். அவள் கை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது என்று சேர்த்தேன். நிமிர்ந்து நிற்கும்போது நமக்குக் கை அப்படித்தான் செய்யும். அண்ணன் அந்த வரியை நெடுநேரம் பார்த்தான். "இருக்கட்டு" என்றான்.

அக்டோபர் 11

மாகாணங்களைப் பிரிக்கும் கமிஷனின் அறிக்கை வந்துவிட்டதாம். மலையாள ராஜ்யத்தில் இருக்கும் நம் தமிழ்த் தாலுகாக்களை மதராசோடு சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியில் ஒருவரும் பாடம் நடத்தவில்லை. "அப்ப மழைக்கணக்கையும் மதராசுக்கு அனுப்பணுமா?" என்று அம்மா கேட்டாள். அண்ணன் சிரித்தான். இப்போதெல்லாம் அவன் சிரிப்பது குறைவு. டிசம்பர் நெருங்குகிறது, கதையும் முடிகிற கட்டத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் அவன் ஒருவன்தான்.

அக்டோபர் 23, ஞாயிறு

மாலை மணி ஆறு. அண்ணன் இன்னும் வரவில்லை.

மத்தியானம் அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. கதையின் அடுத்த அத்தியாயம் இன்றே வேண்டுமாம், அச்சுக் கோர்ப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாம். சொல்லிவிட்டு ஆள் நிற்காமல் போய்விட்டது. இரண்டு மணிக்குப் பிரதி முடித்தேன். அண்ணன் சைக்கிளை எடுத்தான். "அஞ்சுக்குள்ள வந்திருவேன்" என்றான்.

நாலே முக்காலுக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் கறுத்தது. அவ்வளவுதான் தெரியும். அதன் பிறகு காற்று. கம்பத்தின் மேல் கிண்ணங்கள் நான்கும் ஒரே வட்டமாகத் தெரிந்தன. மாட்டுத்தொழுவின் ஓடுகள் பறந்தன. மழை குறுக்கே அடித்தது. ஐந்தேகாலுக்குக் காற்று நின்றுவிட்டது. சாறல் மட்டும் விடவில்லை.

ஐந்தரை ஆனது. அண்ணன் இல்லை.

அப்சர்வர் தவிர யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று வேலியில் பலகை தொங்குகிறது. பலகையை எழுதியவன் அண்ணன்தான். நான் திறந்தேன். அவன் சொல்லுவதுபோல மூச்சை அடக்கி, கண்ணைப் பாதரச மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

சாதாரணத் தெர்மாமீட்டர்: முதலில் 76.2 என்று எழுதினேன். சந்தேகம் வந்தது. திரும்பப் போய்ப் பார்த்தேன். 75.2. கோடு போட்டு மேலே எழுதியிருக்கிறேன்.
ஈரத்துணி சுற்றியது: 74.6.
காற்று வடமேற்கிலிருந்து, இப்போது தணிவு. 4.50 முதல் 5.15 வரை மிகக் கடுமை.

மழைக் குழாயை நான் தொடவில்லை. அது அண்ணன் வரும்வரை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தெர்மாமீட்டர் அப்படிக் காத்திருக்காது.

அதே நாள், மணி எட்டேகால்

ஏழேகாலுக்கு வந்தான். நாகர்கோவிலில் ஒரு துளி மழை இல்லையாம். வடசேரியில் கமிஷன் அறிக்கைக்கு ஊர்வலம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூட நகர முடியவில்லையாம். ஊருக்குள் நுழைந்து ஈரத்தைப் பார்த்ததும் சைக்கிளை வாசலிலேயே போட்டான். டார்ச் லைட்டோடு ஓடி மழையை அளந்தான். இரண்டு அங்குலம் பதினைந்து சென்ட். அதைச் சரியாகத்தான் எழுதினான்.

அதன் பிறகு, காற்று எப்படி இருந்தது என்று யாரையும் கேட்காமல், ரெஜிஸ்டரில் ஐந்தரை மணிக் கட்டத்தின் முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தான். நான் கதவோரம் நின்றேன். அவன் எழுதினான். 81.0. அடுத்தது 77.4. காற்று: மிதம்.

அவன் எண்ணைக் கற்பனை செய்து நான் பார்த்ததே இல்லை. கதைக்குள்கூட அவன் மழையைக் கற்பனை செய்ததில்லை.

வாய் திறந்தேன். "அண்ணா..." என்றேன். "போய்ப் படி" என்றான். நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பெட்டியைத் திறந்ததைச் சொல்லவில்லை. பயம். அவனுக்காகவா, எனக்காகவா?

அக்டோபர் 24

காலைத் தபாலில் கணக்கு மேல் ஆபீசுக்குப் போய்விட்டது.

அக்டோபர் 29

பொன்னுலிங்கம் மாமா வந்து வேலிக்கு வெளியே நின்று கத்தினார். அவருக்குக் குலை தள்ளின மட்டி வாழை இருநூறு, ஒரே காற்றில் போய்விட்டது. தோவாளையில் பிச்சிப்பூத் தோட்டங்களும் போய்விட்டன. நஷ்டத்துக்கு மனுக் கொடுத்தார்கள். ஊர் வரிக்கணக்குப் பார்க்கும் பார்வத்தியகாரர் வானிலைக் கூடத்துக் கணக்கைக் கேட்டு மேல் ஆபீசுக்கு எழுதினாராம். பதில் வந்துவிட்டது: அன்று மாலை காற்று மிதம்.

"ஏலே தெய்வநாயகம்! உனக்க புஸ்தகத்துல காத்தே அடிக்கலியாமே! பின்ன எனக்க வாழையெல்லாம் உறக்கம் வந்தா படுத்துது?"

அண்ணன் உள்ளேயே இருந்தான். அப்பாதான் வெளியே போனார். "ஏதோ எழுத்துப் பிழையா இருக்கும், பாத்துச் சொல்லச் சொல்லுதேன்" என்றார்.

"பிழையா? எனக்குக் காத்து தெரியும். இவனுக்குத் தேன்பெட்டியத் தொறந்து பாத்தாத்தான் தெரியும். தொறந்தானாண்ணு கேளும் ஓய்!"

அப்பா திரும்பி வந்து அண்ணனைப் பார்த்தார். விழுந்த ஓடுகளை அடுக்கப் போய்விட்டார். கேட்டிருந்தால் தேவலை.

நவம்பர் 2

மேல் ஆபீஸ் கடிதம். எட்டாம் தேதி ஜஸ்டஸ் என்ற அதிகாரி வருகிறார். ரெஜிஸ்டரையும், பெட்டிப் பக்கத்தில் நின்று குறிக்கும் கைப்புத்தகத்தையும் பார்ப்பார். அக்டோபர் 23 மாலை ஐந்தரைக்கு அப்சர்வர் எங்கே இருந்தார் என்று எழுத்தில் விளக்கம் வேண்டுமாம்.

அண்ணன் சாப்பிடவில்லை. நான் அவன் நிலையில் என்னை வைத்துப் பார்த்தேன். இங்கே இருந்தேன் என்றால் காற்றைப் பார்த்துக்கொண்டே பொய் எழுதியவன் ஆவான். இங்கே இல்லை என்றால், எங்கே? எந்தப் பக்கம் போனாலும் வாசலில் தாணம்மாள் நிற்கிறாள்.

நவம்பர் 4

எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பெட்டியைத் திறந்ததும், எண்கள் என்னிடம் இருப்பதும்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீ போய்ப் படின்னு சொன்ன."

அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். அப்புறம் சட்டென்று எழுந்தான். கண் ஒரு மாதிரி மின்னியது. கைப்புத்தகத்தை எடுத்தான், பிளேடு எடுத்தான். தைத்த நூல் பிரியாமல் அக்டோபர் 23 தாளை மட்டும் அறுத்துவிட்டு, வேறொன்றை ஒட்டி, என் எண்களைத் தன் கையால் எழுதப் போகிறானாம். கைப்புத்தகத்தில் சரி, ரெஜிஸ்டருக்குப் பிரதி எடுக்கும்போதுதான் தவறு என்று சொல்லிவிடலாமாம்.

"பொய் இல்லியே, நாகு. எண்ணு நெசந்தானே? 75.2 நெசந்தானே?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வேலை தப்பிக்கும். பூனா தப்பிக்கும். தாணம்மாள் தப்பிப்பாள். பொன்னுலிங்கம் மாமாவுக்கும் காற்று கிடைத்துவிடும். எண் உண்மை. அதைப் பார்த்த கண் மட்டும் பொய். அவ்வளவுதானே? நான் அரிசிப்பானைக்குப் பின்னாலிருந்து இந்த நோட்டை எடுத்து வந்து கொடுத்தேன். ஆம், நானே கொடுத்தேன்.

அவன் பக்கத்தைத் திருப்பினான். எழுத ஆரம்பித்தான். 7 எழுதினான். நிறுத்தினான்.

"இது என்ன கோடு?"

"முதல்ல 76ன்னு எழுதிட்டேன். சந்தேகமா இருந்துது. திரும்பப் போய்ப் பாத்தேன்."

"அந்த ஈரத்துலயா?"

"ஆமா."

அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே அம்மா நெல் கிளறும் சத்தம் கேட்டது. பிளேடைத் தாளில் மடித்து மேஜைக்குள் வைத்தான்.

"ஒரு டிகிரிக்காக நீ நனஞ்சிருக்க" என்றான். ரெஜிஸ்டரை எடுத்தான். 81.0க்குக் குறுக்கே கோடு. 77.4க்குக் குறுக்கே கோடு. காற்றுக்கும். மேலே ஒரு எண்ணும் எழுதவில்லை. ஓரத்தில் எழுதினான்: "பார்வை தவறியது. மேற்கண்டவை ஊகம். தெ." தேதி போட்டான். இன்றைய தேதி.

கீழே உள்ளது தெளிவாக வாசிக்க முடிகிறது.

நவம்பர் 8

ஜஸ்டஸ் சார் வந்தார். குட்டையான மனிதர், வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை. நான் பள்ளிக்குப் போகவில்லை, வயிற்றுவலி என்று சொன்னேன். அது பொய். எழுதி வைக்கிறேன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

கோடுகளை நெடுநேரம் பார்த்தார். "நாலாந் தேதி போட்டிருக்கீரு. எனக்க கடிதம் கிடைச்ச பிறகு."

"ஆமா சார்."

"முன்னமே போட்டிருந்தா உமக்கு நல்லதாயிருந்திருக்கும்."

"ஆமா சார்."

"எங்க போயிருந்தீரு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் சொன்னான். அச்சுக்கூடம், தொடர்கதை, பெயர், எல்லாம். குரல் ஒரே சீராக இருந்தது, எண்களை வாசிப்பதுபோல. நாற்காலி கிரீச்சிட்டது.

"தாணம்மாளா! ஓய், எனக்க வீட்டுக்காரி வாரா வாரம் உமக்காகத்தான் ஓய் அழுதுட்டிருக்கா." ஒரு கணம் சிரித்துவிடுவார் போலிருந்தது. பிறகு அந்தக் குரல் போய்விட்டது. "கதையில நீலா எங்க வேணும்னாலும் நடக்கட்டும். ஆனா ரெஜிஸ்டர்ல ஒரு எண்ணை நீரு நடக்க விட்டாச்சு. இனி உம்ம நாலு வருசத்துக் கணக்கையும் ஒருத்தன் இருந்து பரிசோதிக்கணும். அது தெரியுமா உமக்கு?"

"தெரியும் சார். அதுக்குப் பயந்துதான் பேரை மறச்சேன்."

"பேரை மறச்சதுனால வரல ஓய் இது."

அண்ணன் என் எண்களைக் காட்டினான். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பாதரச மட்டத்துக்குக் கண்ணை எப்படி வைத்தாய் என்று ஜஸ்டஸ் சார் கேட்டார். செய்து காட்டினேன். தலையாட்டினார். ஆனால் அப்சர்வர் அல்லாதவள் பார்த்தது கணக்கில் சேராது என்றார். "பார்வை இல்லை" என்று புதிய சான்று தருவதாகச் சொன்னார். "காற்று மிதம்" என்று இருக்காது. சாய்ந்த வாழையை நேரில் பார்த்துப் பார்வத்தியகாரரே முடிவு செய்யலாமாம்.

போகும்போது அவர் என்னைக் கேட்டார், "நீலா கடைசியில புருசன்ட்ட போறாளா?"

"எனக்குத் தெரியாது சார்" என்றேன். தெரியும். பிரதி எடுத்துவிட்டேன். போகவில்லை.

நவம்பர் 19

பொன்னுலிங்கம் மாமாவின் வாழைகளைப் பார்வத்தியகாரர் எண்ணிவிட்டுப் போனார். மனு மேலே போயிருக்கிறது. மாமா இன்னும் அண்ணனோடு பேசவில்லை. அம்மாவிடம் மட்டும் ஒரு மட்டிக் குலை கொடுத்துவிட்டார், "பிள்ளைக்கு" என்று.

நவம்பர் 27

உத்தரவு வந்துவிட்டது. வேலை போகவில்லை. உறுதியாவது ஒரு வருடம் தள்ளிப்போகிறது. பூனா இல்லை. அனுமதி இன்றி எந்தப் பெயரிலும் எழுதுவதில்லை என்று அண்ணன் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டான்.

அம்மா கம்பளிச் சட்டைக்கு வாங்கிய நூலை எடுத்து உள்ளே வைத்தாள். "ஊர்ல இல்லாத குளிரு, நல்லதாப் போச்சு" என்றாள்.

கடைசி அத்தியாயம் இந்த வாரம் வந்தது. அது முன்பே அச்சுக்குப் போனது. ராஜபாய் அழுது முடித்துவிட்டு, "இனி தாணம்மாள் என்ன செய்யப் போறாளோ" என்றாள்.

டிசம்பர் 11

அண்ணன் இப்போது ஐந்தேகாலுக்கே போய்ப் பெட்டியருகில் நிற்கிறான். எழுதி முடித்த பிறகும் நிற்கிறான். உள்ளே வந்தால் கைக்கு வேலை இல்லை.

டிசம்பர் 30

'தென்கரை'யிலிருந்து சகோதரி தாணம்மாளுக்கு ஒரு கார்டு. பொங்கலுக்குப் புதிய கதை வேண்டுமாம். முதல் அத்தியாயம் போதும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

அண்ணன் வாசித்தான். இரண்டு தடவை வாசித்தான். பதில் எழுதப் பேனாவை எடுத்தான், வைத்தான். பிறகு கார்டை என் கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேலிப் பக்கம் போனான். வாசலில் நின்று திரும்பினான்.

"மழையைச் சென்ட்டுல மட்டும் எழுதிராதே" என்றான்.

நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நோவு தெரிந்த பெண்தான் எழுத முடியும் என்று ராஜபாய் சொன்னாள். எனக்கு அப்படி என்ன நோவு தெரியும்? ஒரு தெர்மாமீட்டரை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். பொய்யான எண் மேலே கோடு விழும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

பேனாவை எடுத்தேன். "அன்று நல்ல மழை" என்று முதல் வரி எழுதினேன். ஒரு பக்கம் ஓடியது. அச்சுக்கூடத்துக்குப் பழகிய அதே கையெழுத்து. அடியில் நாகம்மை என்று எழுத வேண்டியதா? தாணம்மாள் என்று எழுதினேன். பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு போடத் தோன்றவில்லை.

அப்பா சுவிட்சைத் தட்டிவிட்டார்.